நாற்பத்திரண்டாவது மீன்

செப்டம்பர் 1, ஞாயிறு

ஹார்டுவேர் கடைக்காரன் ஜனவரியில் ஓசியில் கொடுத்த டைரி. எட்டு மாதமாக முட்டை அட்டைக்கு அடியில் கிடந்தது. மகன் ஜெனிஸ்டன் ஜெயிலுக்குப் போய் இன்றோடு எழுபத்தைந்து நாள். பேச ஆள் இல்லாத வீட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காது என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். சரி, எழுதுவோம். காசா பணமா.

இன்று பூசை முடிந்ததும் என் வீட்டில் பத்து வீட்டுக்கு ஞானஸ்நானம். குழந்தைகளுக்கு இல்லை, மொட்டைமாடி டப்பாக்களுக்கு. ஆலைக்காரன் கழிவுக் குழாயைக் கடலுக்குள் இறக்குகிறான் என்று ஊரே மறியல் செய்தபோது, போன் குரூப்பில் எழுதினவர்களைத்தான் முதலில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெனிஸ்டன் எழுதியது நாலே வரி. அதற்குப் பிறகு புதுக்குருசடியில் ஒருத்தரும் போனில் ‘சாப்பிட்டீங்களா’ என்பதைத் தாண்டி எழுதுவதில்லை. அப்போதுதான் பெனிட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளை, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள், நானும் வீட்டுக்காரரும் கேபிள் டிவி நடத்தினபோது நட்ட கம்பங்களைப் பார்த்துவிட்டு, “அத்த, வெளி இன்டர்நெட்டே வேண்டாம், வீட்டுக்கு வீடு நாமளே டப்பா வச்சு பேசிக்கிடலாம்” என்றாள். ஜூலையில் ஆரம்பித்தோம். முப்பத்தொரு வீடு இருந்தது. இன்றைக்கு இன்னும் பத்து.

சொந்தப் பெயர் அதில் கிடையாது. ஆளுக்கொரு மீன் பெயர். நான் சீலா. சேர வேண்டுமானால் படகுக்கார லூர்து, தையல்கார கில்பர்ட் மாஸ்டர் என்று ஞானத்தகப்பன் இரண்டு பேர் முகம் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு தட்டிலிருந்து ஒரு சீட்டு கொடுப்போம், அதில் இருக்கிற எண்ணைப் போனில் போட்டால் வாசல் திறக்கும். மீன் பெயரையும் சொந்தப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் உண்டு. இதற்கு மட்டும் பெனிட்டா ஒத்துக்கொள்ளவே இல்லை. “ரகசியம்னு சொல்லிட்டு யாராவது ஏடு போடுவாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். லூர்து விடவில்லை. “ஏட்டுல இல்லாத ஞானஸ்நானம் செல்லுமா மைனி? நாளைக்கு ஒருத்தன் வந்து நானும் உள்ளவன்தாம்பான்.” ஊரே அவன் பக்கம். நோட்டு என் பொறுப்பு.

கூட்டம் பாதி நடக்கும்போதே லூர்து படகு இஞ்சின் பார்க்கப் போய்விட்டான். கில்பர்ட் மாஸ்டர் காய்ச்சலோடு பாதியில்தான் வந்தார். வராதவனுக்கு வந்தவன் பதிலாள் என்று இரண்டு பேரும் ராத்திரி வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார்கள். கோயிலிலும் அப்படித்தானே நிற்கிறோம், குற்றமில்லை.

டீ போட எத்தனை பேர் என்று எண்ணினேன். பன்னிரண்டு. “பதிமூணு அத்த, மாமாவ விட்டுட்டீங்க” என்றாள் பெனிட்டா. என் வீட்டுக்காரர் ராயப்பனுக்கு வாதம் அடித்து மூன்று வருஷம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். அவருக்கு எப்படியும் ஆற்றித்தான் கொடுக்க வேண்டும், அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏழு மணிக்கு எண்ணம். கடலில் வள்ளக்காரர்கள் வயர்லெஸ் மைக்கில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொள்வார்களே, அந்த வழக்கம்தான், இங்கே போனில் மீன் பெயரில். நாற்பத்தொன்று வர வேண்டும். நாற்பத்திரண்டு வந்தது. நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்குச் சார் வந்தார். பெயர் எனக்குத் தெரியாது, சார்தான். போலீஸ், ஆனால் சாதா உடுப்பு. கறுப்பு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்காருவார். டீயில் சீனி வேண்டாம். ஜாமீன் மனு 27ஆம் தேதி வருகிறதாம். அரசு வக்கீல் எதிர்த்தாலும் எதிர்ப்பாராம், சும்மா இருந்தாலும் இருப்பாராம். ஊர் விஷயம் கொஞ்சம் பேசினோம். போனார்.

நெத்திலி வாங்கினேன். குழம்பு வைத்தும் சாப்பாடு இறங்கவில்லை.

ஏழு மணி எண்ணம் முடிந்ததும் ஒரு வரி வந்தது. ‘சாளை, டப்பாவை இறக்கு.’ எழுதினது திருக்கை. சாளை என்றால் லூர்து. திருக்கை யாரென்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

காலை ஆறரைக்கு லூர்து வீட்டு மாடியில் போலீஸ் நாலு பேர் ஏறித் தேடினார்கள். டப்பா இல்லை. புறா எச்சம்தான் கிடந்தது. டப்பா ஐஸ் பெட்டிக்குள், பெட்டி படகுக்குள், படகு கடலுக்குள். லூர்து சாயங்காலம் வந்து என் வாசலில் நின்று சிரித்தான். “எந்தப் புண்ணியவானோ தெரியல மைனி. மெழுகுதிரி ஏத்தணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி: திருக்கை. சொந்தப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் டீ சிந்தி மை பரவிக் கிடக்கிறது. எழுத்து கோணல்மாணல். ஞானத்தகப்பன்: லூர்து, அவனுக்குப் பதிலாள் கில்பர்ட். இன்னொரு ஞானத்தகப்பன்: கில்பர்ட், அவருக்குப் பதிலாள் லூர்து.

இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் போன பொறவு வந்த ஆளுன்னு நெனச்சேன்” என்றான் லூர்து.

“நான் வாரதுக்கு முந்தி வந்த ஆளுன்னு நெனச்சேன்” என்றார் மாஸ்டர்.

“அப்ப மொகத்தப் பாத்தது யாரு?”

“நீரு பாக்காமலா கையெழுத்துப் போட்டீரு?”

“நீ பாத்திருப்பேன்னுதானடே போட்டேன்!”

ஊர் சிரித்துப் போகும். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களுக்குள் முகம் பார்க்காத ஒருத்தன் நுழைந்து, நம்மோடு உட்கார்ந்து, நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். தட்டில் இரண்டு சீட்டு மிஞ்சியிருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது என்று பெனிட்டா இப்போது சொல்கிறாள். கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கதவைத் தாழ் போட்டேன். வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். ஜெனிஸ்டன் இல்லாத பண்டிகை. பாயசம் வைக்கவில்லை. அவருக்கு மட்டும் சவ்வரிசிக் கஞ்சி கொடுத்தேன், பாதி வாயோரம் வழிந்தது. ஜெனிஸ்டனின் கண்ணாடி உடைந்த பழைய போனைச் சார்ஜ் போட்டுக் கையில் கொடுத்தால் தடவிக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பார். கிலுகிலுப்பை.

எண்ணம்: நாற்பத்திரண்டு.

செப்டம்பர் 10, செவ்வாய்

சார் வந்தார். லூர்து வீட்டில் ஒன்றும் கிடைக்காதது பற்றி வருத்தப்பட்டார், ஏதோ நான் குழம்பில் உப்புப் போட மறந்த மாதிரி. யாரோ முந்திச் சொல்லிவிடுகிறார்களே என்றார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

கட்டிலைப் பார்த்துக் கேட்டார்: “இவருக்குக் காது கேக்குமா?”

“கேக்கும் சார். ஆனா ஒண்ணும் ஏறாது. சொவருகூடப் பேசுத மாதிரிதான்.”

சுவர்தான். மூன்று வருஷமாக நான் இந்த அறையில் என்னென்னவோ பேசியிருக்கிறேன், சுவருக்கு எது ஏறிற்று. மாஸ்டர் காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் பேச்சு வந்தது. டீ குடித்தார். போனார்.

செப்டம்பர் 11, புதன்

நேற்று ஏழரைக்கு, ‘வாவல், டப்பாவை இறக்கு.’ வாவல் என்றால் மாஸ்டர். இன்று காலையில் மாஸ்டர் வீட்டில் சோதனை. தையல் மிஷினைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. ஊரில் திருக்கைக்கு இப்போது கொடி பறக்கிறது. சம்மனசு, தேவதூதன் என்கிறார்கள் சிலர். கடலில் போய் வராத யாரோ ஒருத்தருடைய ஆவி என்று கீழத்தெருவில் ஜெபமாலை சொல்கிறார்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும், பேர் வைத்தவன் விவரமானவன் என்கிறான் லூர்து.

மாஸ்டர் பெயர் இந்த அறையில் மூன்றரை மணிக்கு வந்தது. அப்போது இங்கே இருந்தது சாரும் நானும். சார் நேரே பைக்கில் ஏறிப் போனார். நான் வாசலைத் தாண்டவில்லை. ஏழரைக்கு அது எப்படி ஒருத்தருக்குத் தெரியும்? ஜன்னலைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். விளக்குமாறும் மூத்திரக் குவளையும் இருந்தன.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜெனிஸ்டனைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “அப்பா எப்பிடி இருக்காவ?” என்றான். “இருக்காவ” என்றேன். இளைத்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினான், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். ஒன்பது நிமிஷம்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, எனக்கு மட்டும் ஒரு வரி வந்தது. திருக்கை. ‘புளி போடுதாங்களா அங்க? வயிறு தாங்காது அவனுக்கு.’

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்குப் புளி ஆகாது என்பது பெற்றவளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

மாதா படத்துக்கு முன்னால் இரண்டு திரி ஏற்றினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பாக்கீரு?” என்று கத்தினேன். பாவம், அவரிடம் கத்தி என்ன.

செப்டம்பர் 15, ஞாயிறு

என் நீலப் பேனாவைக் காணோம். பென்சிலில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சார் இன்று டீ குடிக்கவில்லை.

ஊளி யாரென்று கேட்டார். ஊளிதான் எங்களுக்குள் கழிவுக் குழாய்த் தண்ணீரின் கணக்கை எழுதுவது. கடல் பெருகி வெள்ளம் ஏறும் நேரத்தில் குழாய் வாயருகே தண்ணீர் எடுத்து, என்ன நிறம், எவ்வளவு சூடு, எத்தனை மீன் செத்து மிதந்தது என்று நாள்விடாமல் எழுதுகிறது. யாரோ அதை அப்படியே கையால் பிரதி எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலையில் பெரிய இடத்தில் கோபமாம்.

“எனக்கு மேல இருக்கவங்களுக்கு ஒரு பேரு குடுக்கணும் மெற்றில்டாம்மா. பேரு இருந்தா ஃபைல் மூடிரும். உங்க பையன் 27ஆம் தேதி வீட்டுக்கு வந்துருவான். அந்த நோட்டு உங்ககிட்டதான இருக்கு? அடுத்த செவ்வாய் வருவேன்.”

ஊளி யாரென்று எனக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். தினம் சாயங்காலம் என் சமையலறையில் நின்று, “அத்த, ஒரு வாய் சோறு” என்று தட்டை நீட்டுகிற பிள்ளை. இன்றும் வந்தாள். ஈர முடியில் உப்பு வாடை. மீன் துண்டில் பெரியதை அவளுக்கு வைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

அவர் விரல்களில் மை. எதைத் தொட்டாரோ. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மூத்திரக் குவளையில் காகிதக் கூழ் மிதக்கிறது. காகிதம் தின்ன ஆரம்பித்துவிட்டாரா? “இது வேறயா எனக்கு?” என்று திட்டினேன். புத்தி குழந்தை மாதிரி ஆகிவிட்டது. குவளையைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

திருக்கையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான்தான் பெனிட்டாவை அரித்தேன். ஊருக்கு நல்லது செய்கிறவனை எதற்கு என்றாள். முகம் பார்க்காதவன் இன்று நல்லது சொல்வான், நாளை காட்டிக்கொடுப்பான் என்றேன். இதை எழுதும்போது வாய் கசக்கிறது.

யார் எந்த டப்பாவிலிருந்து பேசுகிறார்கள் என்று எங்கேயும் பதியாத மாதிரிதான் அவள் கட்டியிருக்கிறாள். அதனால் கேபிள்காரன் வழி. கோளாறு எந்த இடம் என்று தெரியாவிட்டால் தெருத் தெருவாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் ஆள். இது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, கல்யாணமான புதிதில், கம்பத்து மேலே உட்கார்ந்துகொண்டு.

சாயங்காலம் ஐந்தரைக்கு நானும் பெனிட்டாவும் என் மொட்டைமாடியில் நின்றோம். லூர்துவும் மாஸ்டரும் பைக்கில் தெருத் தெருவாகப் போனார்கள். பெனிட்டா எழுதினாள்: ‘திருக்கை, இருக்கீங்களா?’

‘இருக்கேன்.’

கீழத்தெருவை அணைத்தார்கள். ‘இருக்கீங்களா?’ ‘இருக்கேன்.’

கடற்கரைத் தெரு போயிற்று. ‘இருக்கேன்.’

கோயில் தெரு. மேலத்தெரு. ஒவ்வொரு தெருவாக ஊர் வாயை மூடிக்கொண்டே வந்தது. காற்று நின்றுபோய், கடல் சத்தம்கூடத் தள்ளிக் கேட்டது. கடைசியில் பெனிட்டா வீட்டு டப்பாவையும் அவளே போய் அணைத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்றாள்.

“அத்த, இப்ப ஊருலேயே ஓடுதது இந்த ஒரு டப்பாதான். ஒங்க டப்பா. இதுல நாம ரெண்டு பேருதான் இருக்கோம்.”

அவள் எழுதினாள். ‘இருக்கீங்களா?’

போன் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. ‘இருக்கேன்.’

பெனிட்டா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். பிறகு அவள் கண் கலங்கி, சிரித்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“அத்த! நீங்களா! வேற போன் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கீங்க, அப்பிடித்தான? அதான் எங்கள சுத்தவிட்டு வேடிக்க பாத்தீங்களாக்கும். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். மாதா சத்தியமா சொல்ல மாட்டேன்.”

அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வேன்.

கீழே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கரிந்திருந்தது. அவர் கட்டில் டப்பாவுக்கு நேர் கீழே. இடது கட்டைவிரலால் போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக் கண்டும் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 21, சனி

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. சாளை, வாவல், புளி.

மூன்று வருஷம். அவருடைய அம்மாவை, அவருடைய வாதத்தை, என் விதியை இந்த அறையில் உட்கார்ந்து எத்தனை திட்டித் தீர்த்திருக்கிறேன். செத்துத் தொலைந்தால் பரவாயில்லை என்று ஒருநாள் அவர் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னேன். எல்லாம் ஏறியிருக்கிறது. ஒரு எழுத்துவிடாமல் ஏறியிருக்கிறது.

யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று ஊரே திருக்கையிடம் கேட்டிருக்கிறது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எண்ணம்: நாற்பத்தொன்று. ஊர் பதறிப்போயிற்று.

செப்டம்பர் 22, ஞாயிறு

போனை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை. தலையணைக்கு அடியில் செருகினேன்.

“அவன் வெளிய வரணும்லா?” என்று கேட்டேன். மூன்று வருஷத்தில் பதில் வேண்டும் என்று அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம். நானும் அழுதேன். நோட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில்தான் கிடக்கிறது. அதைத் தொடப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

மூன்று மணிக்குச் சார் வந்தார். நோட்டைத் திறந்து பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். பார்க்காமல் கொடுத்தால் பாவம் பாதிதான் என்று எனக்கு ஒரு கணக்கு. டீ கொதித்துக்கொண்டிருந்தது.

சார் தாளைப் பிரித்தார். பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “என்ன விளையாட்டு இது?” என்று நோட்டை என் முன்னால் போட்டார்.

முதல் நாலு தாளைக் காணோம், கிழித்த அடித்துண்டுதான் இருந்தது. அதற்கடுத்த தாளில் நீல மையில் புதிதாக எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு வரி மேலே ஏறி, ஒரு வரி கீழே இறங்கி. சாளை, ராயப்பன். வாவல், ராயப்பன். விளைமீன், ராயப்பன். நெத்திலி, ராயப்பன். பாறை, ராயப்பன். சீலா என்ற இடத்திலும் ராயப்பன். நாற்பத்திரண்டு வரி. நாற்பத்திரண்டிலும் ராயப்பன்.

குவளையில் மிதந்தது என்னவென்று அப்போது புரிந்தது. காணாமல் போன பேனாவும் புரிந்தது. இடது கையால், படுத்துக்கொண்டே, நான் மீன் வாங்கப் போன நேரமெல்லாம் எழுதியிருக்கிறார்.

“ஊளி யாரு?” என்றார் சார். “வாயால சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. இல்லன்னா 27ஆம் தேதி நான் பொறுப்பில்ல.”

சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டில் பெனிட்டா துணி உதறுகிற சத்தம் கேட்டது. என் தொண்டைக்குள் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள், ஒன்றை விழுங்கினால்தான் ஒன்று வெளியே வரும். கட்டிலைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. கம்பத்து மேலே இருந்து, ‘அந்த ஒயரை இழு, பயப்படாத’ என்று சொல்வாரே, அதே பார்வை.

அந்த நோட்டை அவர் சாருக்காக எழுதவில்லை. எனக்காக எழுதியிருக்கிறார். நான் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று எழுதியிருக்கிறார்.

“இவருதான் சார்” என்றேன். “ஊளியும் இவருதான். எல்லாம் இவருதான்.”

சார் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். கட்டிலில் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம் என்று, கழுத்து நரம்பு புடைக்க. வாதம் வந்த நாளிலிருந்து அந்தத் தலை ஆமாம் என்று ஆடி நான் பார்த்ததில்லை. சார் அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகக் கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.

ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, கூடவே போலீஸ் ஜீப்பும். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஜாமீன் கிடைத்தது. எதிர்ப்பில்லை.

செப்டம்பர் 28, சனி

ஆஸ்பத்திரி. காவலுக்கு ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை தின்கிறார். போன் உள்ளே அனுமதி இல்லை. கஞ்சி ஊட்டினேன். “மன்னிச்சிருங்க” என்றேன். இடது கையால் என் மணிக்கட்டைத் தட்டினார், இரண்டு தட்டு. கேபிள் இழுக்கிற காலத்தில் அதற்கு ‘வேலையைப் பார்’ என்று அர்த்தம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெனிஸ்டன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், உள்ளே எட்டிப் பார்த்தான். கட்டிலில் விரிப்பு மடித்துக் கிடந்தது.

“அப்பா எங்கம்மா?”

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், எழுதிவிட்டு இந்த டைரியை அப்படியே அவன் கையில் கொடுக்கப் போகிறேன். லூர்து பெயரைச் சொன்னது நான். மாஸ்டர் பெயரைச் சொன்னது நான். அப்பாவின் பெயரைச் சொன்னதும் நான்தான். நீ வர வேண்டும் என்று சொன்னேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

டைரியைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தவன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறான். தட்டைக் கழுவி வைக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விட்டு வருகிறான்.

மூன்று மணிக்குச் சார் வந்தார். ஜெனிஸ்டன் சமையலறையில் நின்றான். சார் ஹெல்மெட்டை மடியில் வைத்தார்.

“ஆள் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். நேத்து பேப்பர்லயும் ஊளி கணக்கு வந்திருக்கு. அது எப்படிம்மா?”

“மீனுதான சார்? கடல்ல கெடக்கும்” என்றேன்.

சார் என்னை வெறித்துப் பார்த்தார். வெறும் கட்டிலையும் பார்த்தார். நாளைக் காலை மேலத்தெரு முழுக்க ஏறிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். என் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் சொன்னாரோ என்னவோ. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பைக் சத்தம் அடங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். விரிசல் விழுந்த கண்ணாடியில் அவர் கட்டைவிரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. எழுதினேன். ‘மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் கவனிக்கவும், நாளை விடிகாலை சோதனை வரப்போகிறது, ஆகவே டப்பாக்களை’ என்று எழுதிக்கொண்டே போனேன்.

பின்னாலிருந்து ஜெனிஸ்டன் கை நீண்டது.

“அப்பா இவ்வளவு நீளமா எழுத மாட்டாவ.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“நாந்தான சொல்லிக் குடுத்தேன், ஒத்த வெரல்ல. ஒங்ககிட்ட காட்டணும்னு கெடந்து தவிச்சாவ. நீங்க ஒருநாளும் திரும்பிப் பாக்கலியே.”

அழித்தேன். புதிதாக எழுதினேன். ‘மேலத்தெரு, டப்பாவை இறக்கு.’

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். திருக்கை திரும்பி வந்துவிட்டது என்று கும்பிடு போட்டார்கள். ஊளி மட்டும் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியது: ‘தெரியும் அத்த, நீங்க விட மாட்டீங்க.’ அதைப் படித்துவிட்டு ஜெனிஸ்டன் என்னைப் பார்த்தான். “அவகிட்டயும் சொல்லணும்மா” என்றான். “சொல்லுதேன்” என்றேன். நாளைக்கு அவள் சோற்றுக்கு வரும்போது இந்த டைரியை அவளிடமும் கொடுப்பேன்.

ஏழு மணிக்கு எண்ணம் வந்தது. என் போனில் சீலா, இருக்கேன் என்று போட்டேன். அவர் போனில் திருக்கை, இருக்கேன் என்று போட்டேன். மொத்தம் நாற்பத்திரண்டு.

பிறகு டீ போட்டேன். அவரையும் எண்ணி மூன்று தம்ளர் எடுத்து வைத்திருந்தேன்.